எந்த மடை? 2018 காவிரிச் செய்திகளில் ‘கடைமடை’ என்ற சொல்

2018 ஆகஸ்ட். நாகை மாவட்டத்துத் தலைஞாயிறு பக்கத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் கிடந்த பேப்பரின் முதல் பக்கத்தில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடும் படம் பெரிதாக வந்திருந்தது. அதே பேப்பரின் உள்ளே, மாவட்டச் செய்திப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒற்றைப் பத்திச் செய்தி: கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, விவசாயிகள் சாலை மறியல். இரண்டையும் படித்து முடித்த என் பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்ப்பா, நீதான பேப்பருக்கு எழுதுற. கடைமடை கடைமடைன்னு வருசா வருசம் போடுறீங்க. எந்த மடைன்னு ஒரு தடவையாவது போட்டிருக்கீங்களா?”

அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அந்த ஒற்றைப் பத்திச் செய்தியும் நான் அனுப்பியதுதான். பெரியப்பாவுக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் நான் அனுப்பிய செய்திகளையும், சேர்த்து வைத்திருந்த மற்றப் பத்திரிகைகளின் நறுக்குகளையும் எடுத்து, இந்த ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது, எப்போது வருகிறது, எப்போது காணாமல் போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்ததிலிருந்து இன்றுவரை உள்ள காலத்தை மனதில் வைத்துக்கொண்டு, 2018 என்ற ஓர் ஆண்டை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன். அந்த ஆண்டில் இந்தச் சொல் என்னென்ன பாடுபட்டதோ அத்தனையும் ஒரே பருவத்துக்குள் நடந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கடை என்றால் முடிவு. கடைக்கண், கடைக்குட்டி, கடைசி எல்லாம் அந்த வழி வந்தவை. மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திரும்பும் வாய். மண்ணை வெட்டினால் திறக்கும், மண்ணும் வைக்கோலும் போட்டு மிதித்தால் அடையும். வயல்காட்டில் கடைமடை என்பது ஒப்பிட்டுப் பேசும் சொல். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு தலைமடை உண்டு, ஒரு கடைமடை உண்டு. கல்லணைக்குப் பக்கத்தில் இருக்கும் பூதலூர் வாய்க்காலுக்கும் கடைமடை இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேதாரண்யம் பக்கத்து வாய்க்காலுக்கும் தலைமடை இருக்கிறது. “அவன் வயல் தலைமடை, என் வயல் கடைமடை” என்று பேசுகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்களாக, சில நேரம் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளாகவே இருப்பார்கள். பாகம் பிரிக்கும்போது கடைமடைத் துண்டு யாருக்கு என்பதில்தான் பாதிச் சண்டை வரும்.

பத்திரிகைக்குள் நுழைந்ததும் இந்தச் சொல் ஒப்பிடுவதை விட்டுவிட்டு ஓர் இடத்தின் பெயராகிவிடுகிறது. ‘கடைமடைப் பகுதி’ என்று வந்தால் வாசகர் மனதில் ஒரு வரைபடம் விரியும்: நாகை, வேதாரண்யம், கீழ்வேளூர், கீழையூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வடக்கே போனால் சீர்காழி, கொள்ளிடம், தெற்கே பேராவூரணி, சேதுபாவாசத்திரம், அதற்கும் அப்பால் கல்லணைக் கால்வாய் போய்ச் சேரும் புதுக்கோட்டை மாவட்டத்து நாகுடி. அப்புறம் ‘கடைமடை மாவட்டம்’ என்ற பேச்சு வந்தது. பிறகு ‘கடைமடை விவசாயி’ என்று ஆளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த மாற்றத்துக்கு மாவட்டப் பிரிவினையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழைய தஞ்சாவூர் ஒரே மாவட்டமாக இருந்தவரை தலைமடையும் கடைமடையும் ஒரே கலெக்டரின் பொறுப்பில் இருந்தன. 1991 அக்டோபரில் நாகப்பட்டினம் தனியாகப் போனது. 1997 ஜனவரியில் திருவாரூர் பிரிந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. ஆற்றின் மேற்புறம் ஒரு மாவட்டம், கீழ்ப்புறம் இன்னொரு மாவட்டம் என்று ஆன பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘டெல்டா மாவட்டங்கள்’ என்ற பெயர் தேவைப்பட்டது, கடற்கரை ஓரத்தைச் சொல்ல ‘கடைமடை’ கைக்கு வந்தது. நாளிதழ்களும் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து அச்சடிக்க ஆரம்பித்தன. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற செய்தி நாகை பக்கத்தில் வரும். அதைப் படிக்கிறவர்கள் தண்ணீர் வராதவர்கள். மேலே மடையைத் திறந்து வைத்திருப்பவர்கள் படிக்கும் தஞ்சாவூர் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்காது. வாய்க்காலைப் போலவே செய்தியும் முழு நீளத்துக்கு ஓடியதில்லை.

இனி 2018க்கு வருவோம்.

அந்த ஆண்டின் முதல் பாதியில் கடைமடை என்ற சொல் பத்திரிகைகளில் கிட்டத்தட்ட இல்லை. பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் தமிழகத்துக்கு, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில், 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று இருந்தது 177.25 ஆகக் குறைந்தது. அதிலிருந்து மே கடைசிவரை எங்கு பார்த்தாலும் டி.எம்.சி., மேலாண்மை வாரியம், ஸ்கீம் (தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் செயல்திட்டம்), மறியல், முழு அடைப்பு. ஜூன் தொடக்கத்தில் மேலாண்மை ஆணையம் அமைந்தது. இந்தச் சொற்கள் எல்லாமே மேற்கே, கர்நாடகத்தை நோக்கிக் கைநீட்டுகிறவை. பங்கு எவ்வளவு, அவர்கள் தந்தார்களா இல்லையா என்ற கணக்கு அது. நியாயமான கணக்குதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த நாலு மாதமும், வரும் தண்ணீரை நாம் எப்படிப் பிரித்துக்கொள்ளப் போகிறோம் என்று கேட்கும் சொல் ஒன்றுகூட அச்சில் இல்லை.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2012 தொடங்கி 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2012இல் செப்டம்பர் 17, 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2 என்று தள்ளிப்போனது. 2018இல் குடகிலும் கேரளத்திலும் கொட்டிய மழையால் நிலைமை திடீரென மாறியது. ஜூலை 19 அன்று மேட்டூர் திறந்தது. நாலைந்து நாளில் அணை 120 அடியைத் தொட்டது, 2013க்குப் பிறகு முதல் முறையாக. அந்த வாரச் செய்திகளில் ‘மலர் தூவி’ என்ற சொல்லாட்சி இல்லாத பக்கம் கிடையாது. மேட்டூரில் மலர் தூவினார்கள், கல்லணையில் மலரும் விதைநெல்லும் தூவினார்கள். நானும் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். அதில் தப்பில்லை. மாதக் கணக்கில் மணல் மட்டும் கிடந்த ஆற்றில் தண்ணீரின் முன்நுனி குப்பையையும் சருகையும் தள்ளிக்கொண்டு நுரைத்து வரும்போது, கரையில் நிற்கிறவர்கள் கும்பிடுவது சடங்குக்காக இல்லை.

ஆகஸ்ட் பிறந்ததும் கடைமடை அச்சில் வந்துவிட்டது. சும்மா வரவில்லை, ஒரு முரணோடு வந்தது. மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் ஒரு பகுதி சரிந்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் காலத்தில், 1836இல் கட்டிய அணை அது. இந்தப் பக்கம் அடப்பாற்றிலும் அரிச்சந்திரா நதியிலும் இருந்து பிரியும் சின்ன வாய்க்கால்களில் நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நேரடி விதைப்புச் செய்த வயலில் முளைத்த நாற்று வெயிலில் சுருண்டது.

இந்த முரணை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எப்படி எழுதின என்பதில்தான் என் கவலை. எழுதிய வாக்கியத்தின் அமைப்பு எங்கும் ஒன்றுதான்: வெள்ளம் வீணாகக் கடலில் கலக்கிறது, ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. படிக்கிறவருக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் காரணம் புரியாது. கொள்ளிடம் வெள்ளத்தைக் கொண்டுபோவதற்கான ஆறு. காவிரியும் வெண்ணாறும் தாங்காததை அதில் விடுகிறார்கள், விட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் கும்பகோணமும் மன்னார்குடியும் மிதக்கும். கொள்ளிடத்தில் போகும் தண்ணீரைத் தலைஞாயிறுக்குத் திருப்ப வழி கிடையாது. தலைஞாயிறுக்கு வர வேண்டிய தண்ணீர் கல்லணையில் வெண்ணாற்றுக்குள் நுழைந்து, தென்பெரம்பூர் தாண்டி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று பிரிந்து, அங்கிருந்து கிளையாறுகள், வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கி வர வேண்டும். அதில் எந்த இடத்தில் நின்றது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் செய்தியைத்தான் என் நறுக்குகளில் தேடினேன். அரிதாக ஒன்றிரண்டு கிடைத்தன.

‘வீணாக’ என்ற சொல்லையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆற்று நீர் கடலுக்குள் போவதால்தான் முகத்துவாரம் அடைபடாமல் இருக்கிறது, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடு நிற்கிறது, இறாலும் மீனும் குஞ்சு பொரிக்கிறது. கடைமடையில் வயல்காரர் மட்டும் இல்லை, வலைக்காரரும் இருக்கிறார்.

தண்ணீர் நின்றதற்குக் காரணங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. காய்ந்த ஆற்று மணல் முதல் தண்ணீரைக் குடித்துவிடும். மணல் அள்ளி அள்ளி ஆற்றுப் படுகை கீழே இறங்கிவிட்டதால், பல இடங்களில் வாய்க்கால் தலைப்பு மேலே நிற்கிறது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் போனாலும் வாய்க்காலுக்குள் ஏறாது. வாய்க்காலுக்குள் ஏறியதையும் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மறிக்கும். தூர்வாரும் வேலை தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது நடக்கும். மேலே முறை வைக்காமல் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பார்கள். இதில் ஒவ்வொன்றும் ஓர் இடத்தில், ஒரு தேதியில், ஒருவர் பொறுப்பில் நடக்கும் விஷயம். கடைமடை என்று இடத்தின் பெயராக எழுதிவிட்டால் இவை அத்தனையும் அதற்குள் மறைந்துபோகின்றன. தண்ணீர் வராதது அந்த இடத்தின் தலைவிதி, அது கடைசியில் இருக்கிறது, அதனால் வரவில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. ‘கடைநிலை’ என்று சொல்லும்போது ஒட்டிக்கொள்ளும் தாழ்வும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்று, டெல்டாவின் மேற்குப் பக்கத்தில் ஆழ்குழாய் கிணறு உண்டு. ஆறு வராவிட்டாலும் மோட்டார் போட்டுக் குறுவை நெல்லைக் காப்பாற்றிவிடலாம். கடலோரத்தில் போர் போட்டால் பல ஊர்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. கடைமடைக்காரருக்கு ஆற்றை விட்டால் வேறு வழியே இல்லை என்பதைச் செய்தியில் எழுதுவது இன்னும் குறைவு. சென்னையில் இருந்து படிக்கிறவருக்கு ‘கடைசியில் இருப்பதால் கொஞ்சம் தாமதம்’ என்றுதான் தோன்றும்.

நான் அனுப்பிய செய்தி ஒன்றை இங்கே பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஆகஸ்ட் நடுவில் பெரியப்பா கேள்வி கேட்ட பிறகு, நான் ஒரு வாய்க்காலோடு காலையில் நடந்தேன். தலைப்பில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஒரு கிலோமீட்டர் தாண்டி ஒரு சின்னப் பாலம். பாலத்துக்குக் கீழே குழாய் வைத்துக் கட்டியிருந்தார்கள். குழாயின் வாயில் காட்டாமணக்கு வேரும் பிளாஸ்டிக் பையும் அடைத்து, தண்ணீர் இந்தப் பக்கம் தேங்கி, பக்கவாட்டில் வடிகாலுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஈரம் மட்டும். அந்த இடத்தில் வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் பாசனப் பணியாளரான லஸ்கர் ஒருவர் தனியாக நின்று மூங்கில் கழியால் குத்திக்கொண்டிருந்தார். அவர் ஒருவர் பார்க்க வேண்டிய வாய்க்கால்களின் நீளத்தை அவர் வாயால் கேட்டபோது எனக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. பாலத்தின் இடம், வாய்க்காலின் பெயர், அடைப்பு, அதற்குக் கீழே காயும் வயல்கள் இருக்கும் மூன்று ஊர்கள் என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அச்சில் வந்தது: ‘கடைமடைப் பகுதிக்குத் தண்ணீர் வராததால் விவசாயிகள் வேதனை.’ பாலம் இல்லை, வாய்க்கால் பெயர் இல்லை. இடம் போதவில்லை என்று சொன்னார்கள். பக்கத்தை முடிக்கும் அவசரம் எனக்கும் தெரியும். கேட்டவுடன் புரியும் ஒரு சொல் இருக்கும்போது, யாருக்கும் தெரியாத வாய்க்கால் பெயரை எதற்குப் போடுவது என்று ஆசிரியர் குழு நினைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் அச்சில் வந்திருந்தால் அன்றைக்கே ஒரு பொக்லைன் வந்திருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன். ‘கடைமடைப் பகுதி’க்கு எந்த அதிகாரியும் பொக்லைன் அனுப்ப முடியாது. அது எங்கே இருக்கிறது என்று அவர் யாரைக் கேட்பார்?

நறுக்குகளைத் தேதி வாரியாக அடுக்கியபோது எனக்கே எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மிக மோசமான வறட்சி ஆண்டுகளில் கடைமடை என்ற சொல் குறைந்துவிடுகிறது. 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் பயிர் கருகி, விவசாயிகள் வயலிலேயே மாரடைத்துச் சாய்ந்த செய்திகள் வந்தன. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அரசு அறிவித்தது. மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு டெல்லியில் உட்கார்ந்தார்கள். அந்த மாதங்களில் எழுதியதெல்லாம் டெல்டா, தமிழக விவசாயி, காவிரி. எல்லோருக்கும் இல்லாதபோது கடைசி ஆள் என்று ஒருவர் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடும் ஆண்டுகளில்தான் கடைமடை தேவைப்படுகிறது. பற்றாக்குறையைவிடப் பங்கீட்டைத்தான் இந்தச் சொல் அளக்கிறது. காவிரிச் செய்திகளில் நம் வீட்டுக்குள்ளேயே கைநீட்டும் சொல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதனால்தான் இது மழுங்கிப் போவதைப் பார்த்தால் வலிக்கிறது.

யார் அந்தக் ‘கடைமடை விவசாயி’ என்பதும் ஒரு கேள்வி. மறியலில் பேசுகிறவர், அதிகாரியிடம் மனுக் கொடுக்கிறவர், படத்தில் கருகிய நாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் பெரும்பாலும் நிலம் உள்ளவர், ஆண். தண்ணீர் வராவிட்டால் முதலில் நிற்பது நடவு. நடவு நின்றால் அந்தத் தெருப் பெண்களுக்குக் கூலி நிற்கும். 2018 ஆகஸ்டில் எங்கள் பக்கத்திலிருந்து பெண்கள் வேன் பிடித்து மேற்கே நடவுக்குப் போனார்கள். விடியற்காலை நாலு மணிக்குத் தூக்குவாளியோடு ரோட்டில் நின்றார்கள். அவர்களுக்குக் காய்ந்த வயல் சொந்தமில்லை, காய்ச்சல் மட்டும் சொந்தம். என் செய்திகளிலும் அவர்கள் இல்லை. தலைமடைக்குத் தண்ணீர் வந்ததும் தலைமடை வயலை நட்டவர்கள் கடைமடைப் பெண்கள் என்பதை அப்போது நான் எழுதியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் தண்ணீர் வந்தது. ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது, விவசாயிகள் மகிழ்ச்சி’ என்ற செய்தியும் வந்தது. வாய்க்கால் முடிவில் இருந்த வயல்களுக்கு அதற்குப் பிறகும் ஒரு வாரம் வரவில்லை. மாவட்ட எல்லையை ஆற்றுத் தண்ணீர் தொட்டால் கடைமடைக்கு வந்துவிட்டது என்று ஆகிறது. இடத்தின் பெயரானதால் வந்த இன்னொரு கேடு இது. வாய்க்காலின் கடைசி மடையில் தண்ணீர் விழுந்தால்தான் கடைமடைக்கு வந்தது என்று பெரியப்பா கணக்கு.

நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையைக் கடந்தது. அன்று முதல் அதே ஊர்கள் வேறு பெயரில் அச்சில் வந்தன: புயல் பாதித்த பகுதி. தென்னை விழுந்தது, ஓடு பறந்தது, கரண்ட் வர வாரக் கணக்கானது. இது தனித் துயரம், இங்கே விரிக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். புயல் இல்லாத ஆண்டுகளிலும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர்களுக்குப் பெயர் மாறுகிறது. ஆவணியில் கடைமடை என்று எழுதிய அதே வயலை அடைமழையில் ‘தாழ்வான பகுதி’ என்று எழுதுகிறோம். மேலே இருந்து வடியும் தண்ணீரெல்லாம் இங்கே வந்து நிற்கிறது, முகத்துவாரத்தில் மண்மேடு, கடல் ஏற்றத்தில் வடியாமல் சம்பா அழுகுகிறது. வேண்டும்போது வராத தண்ணீரும் வேண்டாதபோது போகாத தண்ணீரும் அதே பராமரிக்காத வாய்க்கால் வடிகாலில்தான் சிக்கிக்கொள்கின்றன. இரண்டு பருவத்துக்கு இரண்டு பெயர் வைத்ததால் இரண்டும் ஒரே கதை என்று வாசகருக்குத் தெரியாமலே போய்விட்டது.

சமீப ஆண்டுகளில் ஒரு நல்ல மாற்றத்தைப் பார்க்கிறேன். ‘சி, டி பிரிவு வாய்க்கால்கள் தூர்வாரப்படவில்லை’ என்ற தொடர் செய்திகளில் அடிக்கடி வருகிறது. பெரிய ஆறுகளை மட்டும் தூர்வாரிவிட்டு வயலுக்குப் பக்கத்து வாய்க்காலை விட்டுவிட்டார்கள் என்பதை விவசாயிகளே அந்தக் கணக்கில் பேசி, அது அச்சுக்குப் போயிருக்கிறது. மேட்டூர் 2020இல் மறுபடி ஜூன் 12இல் திறந்தது, 2022இல் மே 24லேயே திறந்தது. சீக்கிரம் திறந்தும் கடைசி மடைக்கு எப்போது வந்தது என்ற கேள்வியை அந்த ஆண்டுகளில் ஒரு சில நிருபர்கள் தேதியோடு எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது.

பெரியப்பா வீட்டில் ஒரு பத்தாயம் இருக்கிறது. நெல் கொட்டி வைக்கும் பழைய மரப் பத்தாயம். கஜாவில் கூரை போய் மூன்று நாள் மழையில் நனைந்தும் பலகை விரியவில்லை. அதன் உள்பக்கக் கதவில் சாக்கட்டியால் ஒவ்வொரு வருசமும் அவர் ஒரு வரி எழுதுவார். அவர் அப்பா எழுதிய வரிகளும் மங்கலாக மேலே இருக்கின்றன. தமிழ் மாதம், தேதி, பக்கத்தில் ‘தண்ணி’ என்று ஒரு சொல். மேலே உள்ள வரிகளில் ஆனியும் ஆடியும் இருக்கும். கீழே வர வர ஆவணி, புரட்டாசி, ஒன்றிரண்டு வருசத்துக்கு வெறும் கோடு. நான் கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவர் டார்ச் அடித்துக் காட்டினார். 2018க்கு நேராக இரண்டு தேதிகள் இருந்தன. முதல் தேதிக்குப் பக்கத்தில் ‘ஆத்துல’ என்றும் இரண்டாவதற்குப் பக்கத்தில் ‘மடைல’ என்றும் எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் பத்தொன்பது நாள்.